ஒரே ஒரு ‘ஹலோ’… உங்களை நம்பலாமா என்று அதிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள், தெரியுமா?

ஃபோனை எடுத்து ‘ஹலோ’ என்கிறீர்கள். அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, விஷயத்துக்கே இன்னும் வரவில்லை. அதற்குள் மறுமுனையில் இருப்பவர் உங்களை நம்பலாமா, வேண்டாமா என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டார்!

ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பில் மெக்அலீர் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. 64 பேரை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, அதிலிருந்து ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதை 320 பேருக்குப் போட்டுக் காட்டி, நம்பகமானவரா, அதிகாரம் செய்பவரா, அன்பானவரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒவ்வொரு ‘ஹலோ’வும் சராசரியாக அரை நொடிகூட இல்லை! அப்படியிருந்தும் கேட்டவர்கள் பேசி வைத்துக்கொண்டதுபோல ஏறக்குறைய ஒரே மாதிரி மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒருவருக்கு நல்லவராகப் பட்ட குரல், முன்பின் தெரியாத இன்னொருவருக்கும் நல்லவராகவே பட்டது. ஆராய்ச்சி வெளிவந்த ஆண்டு 2014.

எந்த ‘ஹலோ’வை நம்பினார்கள்? அதையும் அதே குழுவினர் மூன்று ஆண்டுகள் கழித்துத் தோண்டினார்கள். நம்பிக்கை தந்த ‘ஹலோ’ கொஞ்சம் உயர்ந்து தொடங்கி, நடுவில் இறங்கி, முடியும்போது சட்டென்று மேலே ஏறுகிறது. நம்பிக்கை தராத ‘ஹலோ’ மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகப் போகிறது. பாரிஸில் வேறொரு குழு ‘போன்ஜூர்’ என்ற பிரெஞ்சு வணக்கத்தை எடுத்து, கணினியில் அதன் ஏற்ற இறக்கத்தை ஆயிரக்கணக்கான விதங்களில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியது. அங்கேயும் கடைசி அசை மேலே ஏறினால் நம்பிக்கை. சொல் முழுக்கக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அதிகாரம்!

சொல்லின் வாலில் ஒரு சின்ன ஏற்றம் இருந்தால் நல்லவர் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இனிமேல்தான் என்னை உலுக்கிய செய்தி வருகிறது.

2021-இல் லூயிஸ் கூபில் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதே கணினி வித்தையை வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தினார்கள். இந்த முறை வணக்கம் கிடையாது. அர்த்தமே இல்லாத, புதிதாக உருவாக்கிய சொற்கள். இவர் உண்மை சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா என்று ஒரு சாராரிடம் கேட்டார்கள். இவர் உறுதியாகச் சொல்கிறாரா, சந்தேகத்தோடு சொல்கிறாரா என்று இன்னொரு சாராரிடம் கேட்டார்கள். ‘உண்மை’ என்று பட்ட குரல் தொடக்கத்தில் அழுத்தமாக ஒலித்து, விறுவிறுவென்று போய், கடைசியில் கீழே இறங்கியது. ‘பொய்’ என்று பட்டது, தொடக்கத்தில் சத்தம் குறைந்து, மெதுவாக நகர்ந்து, கடைசியில் மேலே ஏறியது. வணக்கத்தில் நம்பிக்கை தந்த அதே வால் ஏற்றம், செய்தி சொல்லும்போது சந்தேகத்தைக் கிளப்புகிறது!

அதைவிட முக்கியம், அந்த இரண்டு கேள்விக்கும் கிடைத்த விடை. ‘பொய் சொல்கிறார்’ என்பதற்கான குரல் வடிவமும் ‘இவருக்கே நிச்சயமில்லை’ என்பதற்கான குரல் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று தாய்மொழி மாறினாலும் அந்த வடிவம் மாறவில்லை. அப்படியென்றால், நாம் ‘பொய்’ என்று கேட்பது பெரும்பாலும் தயக்கத்தைத்தான். நிச்சயமில்லாமல் உண்மையைச் சொல்கிற ஒருவர் நம் காதில் பொய்யராகிவிடுகிறார். அடித்துச் சொல்கிற பொய்யர் நல்லவராகத் தப்பித்துவிடுகிறார். இதைப் படித்த நாளிலிருந்து எத்தனை பேரை நான் தப்பாக எடை போட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நம் பேச்சுத் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘அடிச்சுச் சொல்றான்’ என்கிறோமே, அதுதான் அந்தத் தொடக்க அழுத்தம். ‘என்ன, இழுக்கிற?’ என்று கேட்கிறோமே, அதுதான் அந்த மெதுவான வேகம். ‘என்ன, சுருதி குறையுது?’, ‘மென்னு முழுங்காம சொல்லு’ என்பதெல்லாம் குறைந்துபோன சத்தம். பாரிஸ் ஆய்வுக்கூடத்தில் கணினி வரைந்து காட்டிய கோடுகளுக்கு நம் வீட்டுத் திண்ணையில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்!

என் அம்மாவுக்கு இதில் பாடமே தேவையில்லை. படித்து முடித்து வெளியூரில் வேலை தேடிக்கொண்டிருந்த காலம். ஒரு நேர்காணலில் கடைசிச் சுற்று வரை போய், ‘அப்புறம் சொல்றோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வழக்கம்போல அம்மா ஃபோன்.

“சாப்பிட்டியாடா?”

“ம்… சாப்பிட்டேம்மா.”

“என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. சளி.”

“சளி பிடிச்ச குரல் எனக்குத் தெரியாதா? சாப்பிடாம படுக்காத. போய் ரெண்டு இட்லியாவது வாங்கித் தின்னு.”

நேர்காணலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து வார்த்தைகூடப் பேசாத என்னிடமிருந்து அவருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா பிடித்தது என் பொய்யை அல்ல. என் வழக்கமான குரலிலிருந்து அன்றைய குரல் எவ்வளவு விலகியிருந்தது என்பதை. தினமும் கேட்ட காது அது. முன்பின் தெரியாத ஒருவர் அதே ‘ம்… சாப்பிட்டேன்’ என்பதைக் கேட்டிருந்தால், பசியாறிய மனிதன் என்றே நினைத்திருப்பார்.

மனசு கலங்கினால் குரல் ஏன் மாற வேண்டும்? தொண்டைக்குள் இருக்கும் குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்கு இருநூறு முறை வாக்கிலும் அதிர்கின்றன. பதற்றத்தில் தசைகள் இறுகும், இறுகிய நாண் வேகமாக அதிரும், சுருதி ஏறும். வீணைத் தந்தியை முறுக்குவதுபோலத்தான். வாய் வறளும், மூச்சு மேலேயே நிற்கும், குரல் கம்மும். இதில் இன்னொரு ஆச்சரியம் தெரியுமா? குரல்வளைத் தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் வேகஸ் என்ற பெருநரம்பின் கிளைகள். இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதும் அதே வேகஸ்தான்! அதன் இடப்பக்கக் கிளை ஒன்று, குரல்வளைக்கு நேராகப் போகாமல், கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. நெஞ்சைத் தொட்டுவிட்டு வருகிற நரம்பால்தான் நாம் ஒவ்வொரு சொல்லையும் பேசுகிறோம்.

சரி, பொய் சொன்னால் சுருதி ஏறுமா? 1976-இல் உளவியலாளர் பால் எக்மனும் அவருடைய சகாக்களும் நர்ஸிங் மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு முறை அழகான இயற்கைக் காட்சிப் படம். பார்த்தபடியே சொன்னால் போதும். இன்னொரு முறை தீக்காயங்கள், கை கால் வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைகள். அதைப் பார்த்துக்கொண்டே, எதிரில் இருப்பவரிடம் “இனிமையான படம் பார்க்கிறேன்” என்று சாதிக்க வேண்டும். முகத்தில் பலர் சமாளித்துவிட்டார்கள். ஆனால் பொய் சொன்னபோது சராசரியாகக் குரல் சுருதி ஏறியிருந்தது! ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெந்த உடலைப் பார்க்கிற எவருக்கும், பொய்யே சொல்லாவிட்டாலும், தொண்டை இறுகத்தான் செய்யும். ஏறிய சுருதியில் பொய்யின் பங்கு எவ்வளவு, கொடூரத்தின் பங்கு எவ்வளவு? பிற்பாடு 2003-இல் உளவியலாளர் பெல்லா டிபாலோவின் குழு, பொய்யின் அறிகுறிகள் என்று சொல்லப்பட்ட 158 விஷயங்களைப் பல ஆராய்ச்சிகளிலிருந்து திரட்டி அலசியது. சுருதி ஏற்றம் பட்டியலில் தப்பித்தது. ஆனால் மிக மிகச் சிறிய அளவில். தனியொரு மனிதரை ‘பொய்யர்’ என்று சொல்ல அது போதவே போதாது.

பொய்யைப் பிடிப்பதில் நாம் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள். சுமார் 24 ஆயிரம் பேர் அளித்த தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு 54 சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடுமே!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டால்? பிரிட்டனில் 1994-இல் நடந்தது இது. ராபின் டே என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சிப் பேட்டியாளரை உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் இரண்டு முறை பேட்டி எடுத்தார். “உங்களுக்குப் பிடித்த படம் எது?” ஒரு பேட்டியில் ‘கான் வித் தி விண்ட்’ என்றார் டே. இன்னொன்றில் ‘சம் லைக் இட் ஹாட்’ என்றார். ஒன்று உண்மை, ஒன்று புளுகு. எது எது என்று நாட்டு மக்களே சொல்லட்டும் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள், வானொலியில் ஒலிபரப்பினார்கள், செய்தித்தாளில் அச்சிட்டார்கள். 41 ஆயிரம் பேருக்கு மேல் ஃபோன் செய்து விடை சொன்னார்கள்! முகம், கை, கண் எல்லாவற்றையும் பார்த்தவர்களில் சரியாகச் சொன்னவர்கள் 52 சதவீதத்துக்கும் குறைவு. வெறும் எழுத்தை வாசித்தவர்கள் 64 சதவீதம். குரலை மட்டும் கேட்ட வானொலி நேயர்கள் 73 சதவீதம்! ‘கான் வித் தி விண்ட்’தான் புளுகு. பேசியது ஒரே மனிதர் என்பதால் இதிலிருந்து பெரிய விதி எதையும் எழுதிவிட முடியாது. ஆனாலும் முகம் நம்மைத் திசைதிருப்புகிறது என்பதற்கு இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரியாது.

பேசாமல் இருக்கும் நொடிக்கும் ஒரு தொனி உண்டு, தெரியுமா? ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதில் தொடங்குவதற்கு நடுவே விழும் இடைவெளி, பத்து மொழிகளில் அளந்து பார்த்தபோது, சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வாக்கில்தான் இருந்தது. கண் சிமிட்டும் நேரம்! அது கொஞ்சம் நீண்டாலே மனசு உறுத்தத் தொடங்கிவிடும். “நான் செஞ்ச கேக் எப்படி இருக்கு?” என்று தோழி கேட்கிறாள். “நல்லா இருக்கு” என்று உடனே சொன்னால் சந்தோஷம். ஐந்து நொடி கழித்துச் சொன்னால்? சொல் அதேதான், ஆனால் அவள் முகம் வாடிவிடும். 2021-இல் வெளியான ஒரு ஆராய்ச்சி, 14 சோதனைகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதையே கண்டது: தாமதமான பதில் பொய்யாகப் படுகிறது. யோசித்துப் பேசுகிறவர்கள் பாவம். திக்கிப் பேசுகிறவர்கள் இன்னும் பாவம்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. “ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும்.” இது உண்மையா, பொய்யா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷிரி லெவ்-ஆரியும் போவாஸ் கெய்சரும் 2010-இல் இப்படிப்பட்ட துணுக்குகளைச் சிலரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். சிலருக்கு ஆங்கிலம் தாய்மொழி. சிலருக்கு வேற்றுமொழிச் சாயல் உள்ள ஆங்கிலம். “இவர்கள் வெறுமனே நாங்கள் கொடுத்ததைத்தான் வாசிக்கிறார்கள்” என்று கேட்பவர்களிடம் சொல்லியும் ஆயிற்று. அப்படியும் வேற்றுச் சாயலில் ஒலித்த துணுக்குகளுக்கு நம்பிக்கை மதிப்பெண் குறைந்தது! காரணம், காது அந்த ஒலியைப் பிரித்தெடுக்கக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. அந்த உழைப்பை மூளை ‘இதில் ஏதோ சரியில்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. பட்டணத்து அலுவலகத்தில் முதல் நாள் தன் ஊர்ப் பேச்சில் வாயைத் திறந்த எவருக்கும் அந்தப் பார்வை தெரியும்.

கனத்த குரலுக்கு இருக்கும் மவுசைச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் 792 ஆண் தலைமை நிர்வாகிகளின் குரலை அளந்தபோது, குரல் தாழ்ந்தவர்கள் பெரிய நிறுவனங்களை நடத்திக்கொண்டிருந்தார்கள். பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் பயிற்சி எடுத்தே தன் குரலைத் தாழ்த்திக்கொண்டவர்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது வேறொரு ஆராய்ச்சியை. நளினி அம்பாடி கொல்கத்தாவில் பிறந்த கேரளக் குடும்பத்துப் பெண். அமெரிக்காவில் உளவியல் பேராசிரியராக உயர்ந்தவர். ஒரு சில நொடிப் பார்வையில், ஒரு சில நொடிக் குரலில் மனிதர்கள் எவ்வளவு தெரிந்துகொள்கிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் கேள்வி. 2002-இல் அவரும் சகாக்களும் 57 அறுவை சிகிச்சை மருத்துவர்கள் நோயாளிகளுடன் பேசிய 114 ஒலிப்பதிவுகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் முதல் நிமிடத்திலிருந்தும் கடைசி நிமிடத்திலிருந்தும் பத்துப் பத்து நொடித் துண்டுகள். பிறகு அதில் உச்ச ஒலிகளை வடிகட்டினார்கள். என்ன ஆகும் தெரியுமா? அடுத்த வீட்டில் யாரோ பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்குமே, அப்படி ஆகிவிடும். சொல் ஒன்றுகூடப் புரியாது. ஏற்ற இறக்கம் மட்டும் வரும். அந்த முணுமுணுப்பைக் கேட்டு, இவர் அதட்டுகிறாரா, அக்கறையாகப் பேசுகிறாரா என்று மதிப்பிட வேண்டும்.

மதிப்பிட்டவர்களுக்கு அந்த மருத்துவர்களின் படிப்பு தெரியாது, கைராசி தெரியாது, என்ன சொல்கிறார் என்பதே தெரியாது. ஆனால் அவர்கள் ‘அதட்டல்’ என்று குறித்த மருத்துவர்கள்தான், சிகிச்சையில் தவறு என்று நோயாளிகள் வழக்குத் தொடுத்த கூட்டத்தில் அதிகம் இருந்தார்கள்! குரலில் கொஞ்சம் கவலை தொனித்தவர்கள் மீது வழக்கு குறைவு. கவனியுங்கள், எந்த மருத்துவர் கைத்திறன் குறைந்தவர் என்று இது சொல்லவில்லை. எந்த மருத்துவரை மன்னிக்க நோயாளிக்கு மனம் வரவில்லை என்று சொல்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் ஸ்கேன் கவரோடு காத்திருந்து, உள்ளே போய், டாக்டர் சொன்ன மருந்துப் பெயர்களை எல்லாம் மறந்து, அவர் சொன்ன விதத்தை மட்டும் வீடு வரை சுமந்து வந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நளினி அம்பாடி 2013-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். பொருத்தமான எலும்பு மஜ்ஜைக் கொடையாளரைத் தேடி மாணவர்களும் நண்பர்களும் அலையாய் அலைந்தார்கள், கிடைக்கவில்லை.

குரலை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் எந்திரம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பல நாட்டுப் போலீஸ் வாங்கியும் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், கைதாகி வந்த முந்நூற்றுச் சொச்சம் பேரிடம் “சமீபத்தில் போதைப்பொருள் எடுத்தாயா?” என்று கேட்டு, அந்தக் குரலை எந்திரத்துக்குக் கொடுத்து, சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். பொய் சொன்னவர்களில் எந்திரம் பிடித்தது நூற்றுக்கு 15 பேரை மட்டும்! ஆனால் எந்திரம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது பொய் சொல்ல முயன்றவர்களே குறைந்துபோனார்கள். பிரிட்டனில் அரசு உதவித்தொகை கேட்டு ஃபோன் செய்பவர்களின் குரலை இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு, 2010-இல் கைவிட்டார்கள். கைவிட்டதே நல்லது. பசிக்கு உதவி கேட்கிறவர் குரல் நடுங்காமல் வேறு யார் குரல் நடுங்கும்?

இப்போது எந்திரம் வேறு பக்கம் போய்விட்டது. 2019-இல் பிரிட்டனில் ஒரு எரிசக்தி நிறுவனத்தின் தலைவருக்கு, ஜெர்மனியில் இருக்கும் தன் மேலதிகாரியிடமிருந்து ஃபோன். அவசரம், ஒரு மணி நேரத்துக்குள் பணம் அனுப்பு என்றார். அதே ஜெர்மன் சாயல், அதே இழுப்பு, அதே ராகம். 2,20,000 யூரோவை அனுப்பிவிட்டார். பேசியது கணினி உருவாக்கிய குரல்! தனக்கு நன்றாகப் பழகிய குரல் என்பதால்தான் அவர் நம்பினார்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பச்சைக் குழந்தைகள், வாயில் வைத்த ரப்பர் காம்பைச் சப்பும் தாளத்தை மாற்றி, மற்ற பெண்ணின் குரலை விட்டு அம்மாவின் குரலை வரவழைத்துக் கேட்டன என்று 1980-இல் நிரூபித்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய பிணைப்பு. அதை இப்போது யாரோ எங்கோ உட்கார்ந்து சில நொடி ஒலிப்பதிவில் பிரதி எடுக்கலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். “என் குரல்ல யாராவது ஃபோன் பண்ணி, ஆக்ஸிடென்ட், பணம் அனுப்புன்னு சொன்னா, உடனே அனுப்பிடாதம்மா.”

“உன் குரல் எனக்குத் தெரியாதாடா?”

“தெரியும்மா. அதனாலதான் சொல்றேன்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒரு வார்த்தை சொன்னார். நான் சின்ன வயதில் ஒரு பொருளுக்கு வைத்திருந்த செல்லப் பெயர். வீட்டில் நாலு பேருக்கு மேல் தெரியாது. “இதைச் சொல்லு. சொன்னாத்தான் நீன்னு நம்புவேன்” என்றார். இப்போதும் ராத்திரி ஃபோன் வருகிறது. சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் சில நாள் அந்த வார்த்தையைக் கேட்கிறார். நான் சொல்கிறேன்.